குடியும் குடியிருப்பும்

ஒருவர் தாம் நெடுங்காலம் குடியிருந்த வீட்டிலேயே தொடர்ந்து இருந்தமைக்காகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படலாமா? இருந்த இடத்தில் இருத்தல் குற்றமாகுமா? சட்டம் பயிலும் மாணவரின் மூளையைச் சோதிப்பதற்காக எவரோ புனைந்த புதிரன்று இது. 1946ஆம் ஆண்டிலே கேகாலை மாவட்டத்து உந்துகொடைப் பகுதியிலுள்ள நேவ்ஸ்மயர் தோட்டத்தில் எழுந்து, மஜிஸ்திரேட்டு நீதிமன்றம், கொழும்பு உயர் நீதிமன்றம் ஆகிய படிகளைக் கடந்து, இறுதியில் இலண்டன் மாநகரத்துப் பிரிவிக் கவுன்சில் வரை சென்ற கேள்வி இது. நேவ்ஸ்மயர் எமது மத்திய மலைநாட்டைச் சேர்ந்ததன்று. எனினும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் லயன் காம்பராக்களில் வாழ்ந்த குடும்பங்களின் நிலையை அவ்வழக்கைப் போலத் தெளிவாகக் காட்டும் பிறிதொரு வழக்கினை நாம் அறியோம்.

நடந்தது இதுதான். அரசாங்கம் அத்தோட்டத்தைச் சுவீகரித்தது. அயற்கிராமங்களில் நிலமின்றி இருந்த விவசாயிகளுக்கு அதனைப் பகிர்ந்தளிப்பது நோக்கம். தோட்டத்தில் வாழ்ந்த இந்திய வமிசாவளித் தொழிலாளருக்கு, லயன்களை விட்டு வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் மறுத்தனர். இலங்கை இந்தியன் காங்கிரசின் தலைமையில் 1946 ஜூன் மாதத்தில் வேலைநிறுத்தம் தோட்டந் தோட்டமாகப் பரவியது. தாம் கண்ணாற் கண்டிராத வேறொரு தோட்டத்து மக்களின் காம்பராக்களுக்காகப் பல்லாயிரவர் பெரட்டுக்குப் போகாமல் நின்றனர் என்பது தொழிற்சங்க வரலாற்றில் நினைக்கத்தக்க செய்தியாகும். வெளியேற மறுத்தோர் மீது அரசாங்கம் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ், குற்றமுறையான அத்துமீறல் என்று வழக்குத் தொடுத்தது.

மஜிஸ்திரேட்டு தண்டித்தார். உயர் நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. முடியரசின் சார்பில் பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யப்பட்டது. சட்ட நூல்களில் ‘அரசர் எதிர் செல்வநாயகம்’ என்று குறிக்கப்படும் வழக்கு இதுவே. (பெயரைக் கண்டதும் தமிழரசுக் கட்சித் தலைவரை நினைத்துக்கொள்ளும் மாணவர்களை நாம் கண்டதுண்டு. இவர் தோட்டத்திலே கூலி வேலை செய்த ஒருவர். இலங்கையிலும் இந்தியாவிலும் அத்துமீறல் பற்றி வாதிடும் வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் பெயர் அது.)

சட்டம் அத்துமீறலை எவ்வாறு வரையறுக்கிறது? பிறர் ஆட்சியிலுள்ள ஓரிடத்தில், குற்றமொன்று புரியும் எண்ணத்தோடோ, அங்கிருப்பவரை அச்சுறுத்தவோ அவமதிக்கவோ எரிச்சலூட்டவோ வேண்டும் என்ற எண்ணத்தோடோ நுழைதல் அல்லது தங்கியிருத்தல் என்கிறது. ஆகவே வழக்கு முழுதும் ‘எண்ணம்’ என்ற ஒற்றைச் சொல்லைச் சுற்றியே நடந்தது. தாம் போகாமல் இருந்தால் தோட்டத்துரைக்கு எரிச்சல் உண்டாகும் என்பது அத்தொழிலாளிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்திருந்தும் போகவில்லை, ஆதலால் எரிச்சலூட்ட எண்ணினார் என்பது அரசதரப்பு வாதம். பிரிவிக் கவுன்சில் 1950ஆம் ஆண்டில் இவ்வாதத்தை ஏற்க மறுத்தது. ஒரு விளைவு உண்டாகும் என்று அறிந்திருத்தல் வேறு, அவ்விளைவை விரும்பிச் செய்தல் வேறு என்றது. அத்தொழிலாளியின் முதன்மையான நோக்கம் தம் பழைய வீட்டில் இருப்பதுதான் என்று கண்டு, மேன்முறையீட்டைத் தள்ளியது.

ஏகாதிபத்தியத்தின் தலைநகரில் அமர்ந்திருந்த நீதிபதிகளுக்கு இவ்வளவு புலப்பட்டதே என்று வியப்போரும் உண்டு. வியக்க வேண்டியதில்லை. ஒருவன் தன் வீட்டை விட்டுப் போக மனமின்றி இருப்பதைப் புரிந்துகொள்ள மேதைமை எதுவும் வேண்டா. நாம் கவனிக்க விரும்புவது பிறிதொன்று. அத்தீர்ப்பு அவரைக் குற்றமற்றவர் என்றது. அவ்வீட்டுக்கு உரியவர் என்று சொல்லவில்லை. சொல்லும்படி அந்நீதிமன்றம் கேட்கப்படவுமில்லை. சிறைக்குப் போக வேண்டியதில்லை என்ற அளவோடு சட்டம் நின்றுவிட்டது. சிறையினின்றும் தப்பிய ஒருவர் தம் காம்பராவுக்குத் திரும்பும் பாதை எது? அக்காலத்துச் சட்டப் புத்தகங்களைப் புரட்டினால் தெளிவான விடை கிடைப்பதில்லை. குற்றமற்றவர் என்பதற்கும் குடியிருக்க உரியவர் என்பதற்கும் இடையிலுள்ள இந்தத் தூரமே இக்கட்டுரையின் பொருள்.

தோட்ட நிர்வாகத்தின் பக்கத்து நியாயத்தை முதலிற் கேட்போம். அதனை இகழ்ந்து ஒதுக்குவது எம்போன்றோருக்கு எளிது. எளியதைச் செய்து என்ன பயன்? காம்பரா வாடகைக்கு விடப்பட்டதன்று, வேலைக்காக இலவசமாகக் கொடுக்கப்பட்டது என்பர். வேலை முடிந்தபின் காம்பராவும் முடிய வேண்டும். அன்றேல் அடுத்து வரும் தொழிலாளியை எங்கே வைப்பது என்று கேட்பர். கப்பலில் வேலை பார்த்தவன் வேலை முடிந்த பிறகும் கப்பலிலேயே இருப்பேன் என்று சொல்வதுண்டா? இவ்வாதம் தர்க்க முறையிற் பிழையற்றது போலவே தோன்றும்.

பிழை தர்க்கத்தில் இல்லை, அதன் தொடக்கத்தில் இருக்கிறது. இலவசம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று வழக்கிற் சொல்லப்படும் ஒற்றை அறை. முன்னே ஓர் இஸ்தோப்பு. அதன் மூலையில் அடுப்பு. சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். இதற்குத் தனியாக வாடகை வாங்கவில்லை என்பது மெய்தான். ஆயின் கூலி இவ்வளவே போதும் என்று தீர்மானித்தபோதெல்லாம் ‘வீடு இலவசமாகக் கொடுக்கிறோமே’ என்ற கணக்கும் உடன் வந்தது. கூலியிலிருந்து முன்கூட்டியே கழிக்கப்பட்ட வாடகைக்கு இலவசம் என்று பெயர் வைத்ததுதான் சாமர்த்தியம். ரசீது இல்லாத வாடகை அது. ரசீது இல்லாதபடியால், கொடுத்தவனிடம் கொடுத்ததற்குச் சான்றும் இல்லை.

அதைவிட முக்கியமானது, தொழிலாளி வேறெங்கும் குடியிருக்க இயலாதபடி அமைந்த ஏற்பாட்டில் அவரது வீட்டை வேலைக்கு ஒரு துணைப்பொருள் என்று சொல்லத்தகாது என்பதாகும். கப்பலோட்டிக்குக் கரையில் ஒரு வீடு உண்டு. லயன்வாசிக்கு லயனே கரை. பிரசவம் அங்கே, சடங்கு அங்கே, சாவு அங்கே. கடிதம் வந்தால் அதுகூடத் தோட்டக் கந்தோருக்கு வந்து, கந்தோரிலிருந்துதான் கைக்குக் கிடைக்கும். இத்தகைய இடத்தில் ‘வேலை போனது’ என்ற சொல்லின் பொருள் என்ன? நகரத்து எழுதுவினைஞருக்கு அது சம்பளம் நின்றது என்று பொருள்படும். தோட்டத்திலோ கூரை போயிற்று, அயல் போயிற்று, பிள்ளையின் பள்ளிக்கூடம் போயிற்று, மாரியம்மன் கோயிலில் உள்ள பங்கு போயிற்று என்று அத்தனையும் ஒரே சொல்லில் அடங்கிவிடும்.

இது எமது மலைகளுக்கு மட்டும் உரிய கதையன்று. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடபுலத்து டர்ஹம், நோதம்பர்லாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சுரங்க முதலாளிகள் தமக்குச் சொந்தமான வீடுகளிலிருந்து அவர்களைக் குடும்பத்தோடு தெருவிற்குத் தள்ளினர். நோயாளிகளும் கைக்குழந்தைகளும் வீதியோரத்தில் கிடந்ததை எங்கெல்ஸ், தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றி 1845இல் வெளியிட்ட நூலில் விவரித்திருக்கிறார். எசமானனே வீட்டுக்காரனும் ஆகும்போது வேலைநிறுத்தம் செய்யும் உரிமை ஏட்டளவில் நின்றுவிடும் என்பது அங்கே வெளிப்பட்டது. ஹட்டன் தொழிலாளி எங்கெல்சைப் படித்திருக்கமாட்டார். ஆனால் பேர் வெட்டப்பட்டால் காம்பராவும் வெட்டப்படும் என்பதை அவருடைய பாட்டன் அறிவான்.

ஈண்டு ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, அறிவித்தல் இன்றி வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையிலிடலாம். அக்காலத்தில் தோட்டத்தை விட்டுப் போதல் குற்றம். 1946இல் தோட்டத்தை விட்டுப் போகாமை குற்றம். இடைப்பட்ட எண்பத்தோராண்டுகளில் சட்டம் தலைகீழாகத் திரும்பிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அது அசையவே இல்லை. இருப்பதா போவதா என்பதை இருப்பவர் தீர்மானிக்கலாகாது என்ற ஒரே கொள்கைதான் இரண்டு காலத்திலும் வேறு வேறு உடையில் வந்தது.

இனி, உரிமை எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். வீட்டின் மீது ஒருவருக்கு உரிமை உண்டாவதற்குச் சட்டம் பொதுவாக இரண்டு வழிகளைக் காட்டும். ஒன்று உறுதி, மற்றொன்று உடன்படிக்கை. விலை கொடுத்து வாங்கியவரிடம் உறுதி இருக்கும். வாடகைக்கு இருப்பவரிடம் உடன்படிக்கை இருக்கும். லயன்வாசியிடம் இரண்டும் இல்லை. ஆயின் சட்டத்தின் ஆழத்தில் மூன்றாவது வழியொன்றும் இருக்கிறது. அதுதான் ஆட்சி. எமது நாட்டு உறுதிகளில் இச்சொல் அரசாளுதலைக் குறிப்பதில்லை. ஒன்றைக் கையில் வைத்து அனுபவித்து வருதலையே குறிக்கும். ரோமரின் காலத்திலிருந்து இடைக்காலத் திருச்சபைச் சட்டத்தின் வழியாக ஒல்லாந்தர் கொண்டுவந்து சேர்த்த கொள்கையொன்று இலங்கைச் சட்டத்தில் உண்டு: பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை, வேறெந்த வழக்கையும் கேட்குமுன், மீண்டும் உள்ளே வைக்க வேண்டும் என்பது. ஆட்சிக்காலம் பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. நீதிமன்ற நடவடிக்கையின் வழியாகவன்றி வெளியேற்றப்பட்டவர் ஓராண்டுக்குள் வழக்கிட்டால், தமக்கு உரித்து உண்டு என்று நிரூபிக்காமலேயே ஆட்சியைத் திரும்பப் பெறலாம்.

உரித்து இல்லாதவனுக்கும் ஏன் இந்தப் பாதுகாப்பு? சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் இருவர் இதுபற்றிக் கடுமையாக மாறுபட்டனர். ஆட்சியைக் குறித்து 1803இல் நூல் எழுதிய சவிக்னி என்பார், ஆட்சியைக் குலைப்பது பொருளுக்குச் செய்யும் தீங்கன்று, அப்பொருளைப் பற்றியிருக்கும் ஆளுக்கே செய்யும் தீங்கு, ஆகையாற்றான் சட்டம் தடுக்கிறது என்றார். பின்வந்த யேரிங் இதனை மறுத்து, சொத்துடைமையாளர் ஒவ்வொரு முறையும் உறுதியைக் காட்டிக்கொண்டிராமல் இருக்கவே ஆட்சியைப் பாதுகாக்கிறார்கள். ஆட்சி என்பது உடைமையின் முற்காவல் என்றார். முந்திய கருத்து மனிதரைப் பார்க்கிறது. பிந்தியது சொத்தைப் பார்க்கிறது. வரலாற்று உண்மை யேரிங்கின் பக்கம் சற்றே சாய்கிறது என்றுதான் நாம் எண்ணுகிறோம். உடைமை வர்க்கம் தனக்குப் பயன்படாத பாதுகாப்பை இயற்றிக்கொள்வதில்லை. ஆயினும் அறத்தின் பக்கம் சவிக்னியே நிற்கிறார். அடுப்பை வெளியே தூக்கி வீசும்போது அடுப்புக்கு வலிப்பதில்லை.

லயன்வாசிக்கு இந்த மூன்றாம் வழியும் அடைக்கப்பட்டது எப்படி என்பதுதான் கவனித்தற்குரியது. அவர் காம்பராவில் இருந்தது தம் ஆட்சியாக அன்று, தோட்டத்துரையின் அனுமதியால், தோட்டத்தின் சார்பாக என்று வாதம் செய்யலாம், செய்தார்கள். பிறர் அனுமதியோடு இருப்பவனுக்குக் காலம் கனிவதில்லை. பத்தாண்டு இடையூறின்றி எதிராட்சி செய்தவனுக்கு நிலம் சொந்தமாகும் என்கிறது அதே 1871ஆம் ஆண்டுச் சட்டம். அனுமதியோடு நான்கு தலைமுறை இருந்தவனுக்கு ஒரு சாண் நிலமும் சொந்தமாகாது என்பதும் அச்சட்டத்தின் பொருளே. அத்துமீறி வந்தவன் காலப்போக்கில் உடைமையாளனாகிறான். அழைத்துவரப்பட்டவன் என்றென்றும் விருந்தாளியாகவே இருக்கிறான். விருந்தாளி என்பதும் பொருந்தாது. கங்காணி முற்பணம் கொடுத்துக் கணக்கெழுதி அழைத்து வந்த விருந்தாளி உலகில் எங்கேனும் உண்டா?

இவ்விடத்தில் எம்மோடு ஒத்த கருத்துடைய நண்பர்கள் பலர் தாண்டிப் போய்விடும் ஒரு சிக்கல் இருக்கிறது. நேவ்ஸ்மயர் யாருக்காகச் சுவீகரிக்கப்பட்டது? நிலமற்ற சிங்களக் கிராமவாசிகளுக்காக. அவர்கள் ஏன் நிலமற்றவரானார்கள்? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்கே உரியன என்று அனுமானித்தது. கண்டி நாட்டுக் கிராமவாசி தன் சேனைக்கும் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய காட்டுக்கு உறுதி வைத்திருந்தானா? இல்லை. வாழ்ந்திருந்தான், அவ்வளவுதான். அந்த வாழ்வைச் சட்டம் சான்றாக ஏற்கவில்லை. அக்காட்டிலே முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் எழுந்தன. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம் எஞ்சியதையும் துடைத்தது.

நூறாண்டுக்குப் பின் அவனுடைய பேரனுக்கு நியாயம் செய்யப் புறப்பட்ட அரசு என்ன செய்தது? அவனது பாட்டனிடம் கேட்ட அதே கேள்வியை லயன்வாசியிடம் கேட்டது: உறுதி எங்கே? இவனிடமும் இல்லை, வாழ்ந்திருந்தான், அவ்வளவுதான். ஒருவனை வெளியேற்றிய கருவியால் மற்றொருவனை வெளியேற்றி, அதற்குப் பரிகாரம் என்று பெயரிட்டார்கள். கம்பனியின் ஏடுகளில் குவிந்திருந்த பரந்த நிலத்தைத் தொடாமல், பன்னிரண்டடி அறையில் இருந்தவனிடமிருந்து பரிகாரத்தைப் பெற முயன்றார்கள். கிராமவாசியின் நிலப்பசி மெய்யானது. அதை இனவாதம் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர், அவனையும் லயன்வாசியையும் பகைவராக்க விரும்புவோருக்கே துணைபோகின்றனர். இருவரின் குறையும் ஒன்று. வாழ்ந்தமையைச் சான்றாக ஏற்காத சட்டத்தின்முன் இருவரும் வெறுங்கையோடு நின்றார்கள்.

அப்பிளவு ஆறியதா என்றால், இல்லை. 1972இலும் 1975இலும் இயற்றப்பட்ட நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. நாமும் கொள்கையளவில் வரவேற்கத்தக்க சட்டங்கள் அவை. ஆயின் கம்பனி போன இடத்தில் தொழிலாளிக்கு இடம் வரவில்லை. பல தோட்டங்களிலிருந்து மக்கள் துரத்தப்பட்டு, வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினர். நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்ட நிலத்தைப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தை எதிர்த்து 1977 மே மாதத்தில் தொழிலாளர் கிளர்ந்தனர். மே 11ஆம் நாள் டெவன் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞர் உயிரிழந்தார். மலையக மக்கள் அவர் பெயரை மறக்கவில்லை. நேவ்ஸ்மயரில் நீதிமன்றத்துக்குப் போன கேள்வி, முப்பத்தோராண்டின் பின் டெவனில் துப்பாக்கியின் முன் நின்றது.

தமிழ் படித்தோர் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது பேச எமக்கு அனுமதி வேண்டும். ‘குடி’ என்பது பழந்தமிழில் வாழுமிடத்தையும் குறிக்கும், வாழும் மக்களையும் குறிக்கும். குடியிருப்பு, குடியானவர், குடிமகன், குடியுரிமை யாவும் அவ்வொரு வேரில் தழைத்தவை. ஓரிடத்திற் குடியிருப்பவன் அவ்விடத்துக் குடிமகன் என்பது அச்சொல்லுக்குள்ளேயே பொதிந்து கிடக்கும் எண்ணம். இவ்விரண்டையும் பிரித்தெடுத்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். மலைநாட்டுத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் அதனால் நாடற்றவராயினர். மறு ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. அதே 1948ஆம் ஆண்டில்தான் 29ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் நிறைவேறியது. வீட்டுக்காரர் தம் விருப்பப்படி வாடகையை உயர்த்தவும் குடியிருப்போரைக் காரணமின்றி வெளியேற்றவும் இயலாதபடி அச்சட்டம் நகரத்தவரைக் காத்தது. நல்ல சட்டம். ஹட்டன் கடைவீதியில் மேல்மாடியை வாடகைக்கு எடுத்திருந்த வியாபாரியை எளிதில் வெளியேற்ற இயலாது என்ற நிலை வந்த காலத்தில், அவர் கடைக்கு முன்னால் தெரியும் மலையில் கொழுந்தெடுத்த பெண்ணுக்கு வீடும் இல்லை, நாடும் இல்லை என்ற நிலையும் வந்தது. வீட்டில் குடியிருப்பதற்கு உரிமையுண்டு என்று கண்ட ஒரு பாராளுமன்றம், நாட்டில் குடியிருப்பதற்கு உரிமையில்லை என்று கண்டது. இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் அன்று எத்தனை பேரோ!

பின்வந்த சட்டங்கள் சில கதவுகளைத் திறந்தன என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 1957இல் கைத்தொழிற் பிணக்குச் சட்டம் திருத்தப்பட்டுத் தொழில் நியாயசபைகள் உண்டாயின. நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவரை மீள அமர்த்தும்படி அவை கட்டளையிடலாம். வீட்டுக்குத் திரும்பும் வழி அன்று இதுவே: முதலில் செக்ரோலில் பேர் ஏற வேண்டும், பேரின் பின்னால் காம்பரா வரும். ஆனால் வழக்கு மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் இழுபடும்போது குடும்பம் எங்கே படுப்பது? அக்கேள்விக்கு விடையாக 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் பற்றிய விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. நீதிமன்றக் கட்டளையின்றித் தோட்டக் குடியிருப்பிலிருந்து எவரையும் வெளியேற்றலாகாது என்பது அதன் உயிர்நாடி. அதற்கு முன் தொழிலாளி நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியிருந்தது. அதன்பின் நிர்வாகம் ஓட வேண்டியதாயிற்று. சிறிய மாற்றம் என்று தோன்றும். வழக்குச் செலவைத் தாங்க இயலாத ஒருவருக்கு, எவர் முதலில் வழக்கிட வேண்டும் என்பதே வழக்கின் முடிவாகும் என்பதை அறிந்தோர் அதைச் சிறிது என்னார்.

இன்றைய நிலைமை அக்காலத்தினின்றும் வேறுபட்டது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நிலம் அரசினது, குத்தகை கம்பனியினது, காம்பரா யாருடையது என்று கேட்டால் இருவரும் மற்றவரைக் கைகாட்டுவர். பிரசாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. லயன்களில் வாழும் பல குடும்பங்களில் இப்போது தோட்டத்தில் பேர் உள்ளவர் ஒருவரும் இல்லை. பெற்றோர் ஓய்வு பெற்றுவிட்டனர். பிள்ளைகள் கொழும்புக் கடைகளில். ‘வேலைக்காக வீடு’ என்ற பழைய நியாயம் தானாகவே உதிர்ந்துகொண்டிருக்கிறது. ஆயின் அதன் இடத்தில் வேறொரு நியாயம் இன்னும் முளைக்கவில்லை. 2015ஆம் ஆண்டின் பின் ஏழு பேர்ச்சஸ் காணியோடு தனிவீடு என்று திட்டமிட்டார்கள். பின்னர் பத்து பேர்ச்சஸ் என்றார்கள். வீடு கிடைத்தும் காணி உறுதி கைக்கு வராமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் பலர்.

இவ்விடத்தில் முற்போக்கு நண்பர் ஒருவர் எம்மிடம் எழுப்பிய ஆட்சேபத்தை எதிர்கொள்ள வேண்டும். வீட்டுப் பிரச்சினை பற்றி எங்கெல்ஸ் 1872இல் எழுதிய கட்டுரைகளில், தொழிலாளிக்குச் சிறுவீடும் தோட்டமும் சொந்தமாக்குவதைக் கண்டித்தாரே. அது அவனை ஒரே முதலாளியின் வாயிலில் கட்டிப்போடும் சங்கிலி என்றாரே. நீங்கள் ஏழு பேர்ச்சசுக்கு வாதாடலாமோ என்றார் அவர். கேள்வி நல்லது. ஆனால் எங்கெல்ஸ் கண்முன் கண்டவன் ஊர்விட்டு ஊர் போய் உழைப்பை விற்கக்கூடிய நகரத் தொழிலாளி. அவனுக்கு வீட்டுடைமை விலங்காகலாம். லயன்வாசியைக் கட்டிப்போட்டதோ வீட்டுடைமை அன்று, வீட்டுடைமை இன்மை. வெளியே நல்ல வேலை கிடைத்தாலும், பேர் போனால் பெற்ற தாய் தெருவில் நிற்பாள் என்ற அச்சத்தால் எத்தனை இளைஞர் மலையிலேயே தங்கினர்! உறுதி கையில் இருந்தால் அவர் போகவும் செய்யலாம், திரும்பி வரவும் செய்யலாம். நூலாசிரியரின் முடிவை மனப்பாடம் செய்வதைக் காட்டிலும், எந்த நிலைமையைக் கண்டு அம்முடிவுக்கு வந்தார் என்று பார்ப்பதே மார்க்சியரின் முறையென்று அந்நண்பருக்குச் சொன்னோம். அவர் முழுதும் உடன்படவில்லை.

சட்டம் இருக்கிறது; ஆயினும் கை ஓங்குவது நிற்கவில்லை. மலையகத்தின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்டில் மாத்தளையை அடைந்தது. அதே மாதத்தில், அதே மாத்தளை மாவட்டத்துத் தோட்டமொன்றில், ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடில் தோட்ட அதிகாரியால் உடைத்தெறியப்படும் காட்சியை நாடே கண்டது. நீதிமன்றக் கட்டளை என்ற பேச்சுக்கே அங்கு இடமிருக்கவில்லை.

இவ்வாறு வெளியேற்றப்படுவோர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதனை அறிந்தோர் தோட்டங்களில் சிலரே. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு முதலான பிரிவுகளின்படி, நிலம் பற்றிய பிணக்கினால் அமைதி குலையும் நிலை உண்டானால் பொலிசாரோ பிணக்கிற் சம்பந்தப்பட்டவரோ நீதிமன்றத்துக்குச் செல்லலாம். அவ்வாறு சென்ற நாளுக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் எவரேனும் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், அவரை மீண்டும் ஆட்சியில் அமர்த்தும்படி நீதிபதி கட்டளையிடலாம். உரித்து யாருக்கு என்ற வழக்கு பிறகு நடக்கட்டும். முதலில் அவர் உள்ளே போகட்டும் என்பதே இதன் கருத்து. ரோமரின் பழைய கொள்கை மீண்டும் தலைகாட்டும் இடம் இது. தோட்டத்தின் சார்பாக இருந்தவருக்கு ஆட்சி ஏது என்ற பழைய வாதத்தை நிர்வாகத்தின் வழக்கறிஞர் இங்கும் எழுப்புவார். அதற்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி விடைசொல்லலாம். இரண்டு மாதம் என்பது மட்டும் நினைவிற் பதிய வேண்டும். தொழிற்சங்கத் தலைவரைக் காணக் கொழும்புக்கு மூன்று முறை போய் வருவதற்குள் அது கழிந்துவிடும்.

நீதிமன்றத்தில் கேட்கும் முதற் கேள்வி, இவ்விடத்தில் நீர் இருந்தீர் என்பதற்குச் சான்று என்ன என்பதாக இருக்கும். மின்பட்டியல் பல லயன்களில் தனித்தனியாக இல்லை. வாடகை ரசீது இல்லை. வாக்காளர் இடாப்பு, கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி ஆகியவற்றோடு முன்வைக்கத்தக்க இன்னோர் ஆவணம் உண்டு. அது எம்போன்ற ஆசிரியர்கள் கைப்பட எழுதிவரும் பாடசாலைச் சேர்விடாப்பு. பிள்ளையைச் சேர்த்த நாளில் அதன் முகவரி என்ன என்று அதில் எழுதியிருக்கும். ஆனால் அப்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால், முகவரிக்கான நிரலில் பெரும்பாலும் தோட்டத்தின் பெயர் ஒன்றே நிற்கிறது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழும் தோட்டத்துக்கு ஒரே முகவரி. எந்த டிவிசன், எத்தனையாம் லயன், எத்தனையாம் காம்பரா என்று கேட்டு எழுதுவதற்கு ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம் போதும். ஜனவரியில் புதிய பிள்ளைகளைச் சேர்க்கும்போது அதை எழுதத் தொடங்கலாம்.